திண்ணையில் பாடிய வாய்ப்பாடு

எங்கள் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை "நாரை பறக்காத 48 மடை" என்பார்கள். நாரையால்கூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாதாம், அவ்வளவு பெரிசு! போன வாரம் அக்கா மகள் செல்போனில் கார்ட்டூன் யானையோடு சேர்ந்து எட்டாம் வாய்ப்பாடு பாடிக்கொண்டிருந்தாள். "ஆறெட்டு நாற்பத்தெட்டு" வந்ததும் தாத்தா, "நம்ம கண்மாய் மடை" என்றார். பிறகு தன் பங்குக்கு, "நாலு மாகாணி கால், எட்டு மாகாணி அரை" என்று ராகம் போட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்! அதைத் தேடிப் படித்ததில் வந்ததே இந்தப் பதிவு.

வாய்ப்பாட்டைப் பாட்டாக்கி கார்ட்டூனில் காட்டியதில் பெயர் பெற்றது, அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1973-ல் வந்த 'மல்டிப்ளிகேஷன் ராக்'. டேவிட் மெக்கால் என்ற விளம்பர நிறுவனத் தலைவரின் மகனுக்கு வாய்ப்பாடு மனதில் நிற்கவில்லை, ஆனால் ராக் பாட்டு வரிகள் மட்டும் அத்துப்படி. அப்பா யோசித்தார். ஜாஸ் கலைஞர் பாப் டோரோ மெட்டுப் போட்டார். அவ்வளவுதான்.

ஆனால் நம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இதை எப்போதோ செய்துவிட்டன. சட்டாம்பிள்ளை முதலில் சொல்ல, மற்ற பிள்ளைகள் உரக்கத் திருப்பிச் சொல்வார்கள். விரலால் மணலில் எழுதிக்கொண்டே வாய் பாடும். பாடம் மூன்று: பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி. நெல்லிலக்கம் செவிடு, ஆழாக்கு, உழக்கு என்று ஏறி கலம் வரை போகும். எண்சுவடியில் முழு எண்களோடு பின்னங்களுக்கும் வாய்ப்பாடு உண்டு. மாகாணி என்றால் 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. நிலத்தை அளக்கவும் நெல்லைப் பங்கு போடவும் கூலி கணக்குப் பார்க்கவும் இதெல்லாம் வேண்டியிருந்தது. ஆகவே மனப்பாடம் என்று கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. களத்துமேட்டில் பேப்பர் ஏது?

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்றும் சொல்லமாட்டேன். தப்பாகச் சொன்னால் பிரம்படி. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் பொதுவாக இடமில்லை, பெண் பிள்ளைகளும் அபூர்வம். செல்போன் யானை யாரையும் அடிப்பதில்லை, என்ன சாதி என்றும் கேட்பதில்லை. என் அக்கா மகள் அன்று பிறந்திருந்தால் தெருவில் நின்று கேட்டிருப்பாள், அவ்வளவே.

மாகாணி எப்படிக் காணாமல் போனது? ஒரு ரூபாய்க்கு 16 அணா இருந்தவரை அணாவே ஒரு மாகாணிதான். 1957 ஏப்ரல் 1-ல் ரூபாய்க்கு நூறு நயாபைசா வந்தது. பிறகு படியும் மரக்காலும் போய் கிலோவும் லிட்டரும் வந்தன. பாடுவதற்குக் காரணம் போனதும் பாட்டும் போய்விட்டது.

தாத்தாவை மறுபடி சொல்லச் சொல்லி செல்போனில் பதிவு செய்தேன். "பன்னிரண்டு மாகாணி முக்கால்" வரை தடங்கலே இல்லை. பதிமூன்றில் கொஞ்சம் யோசித்தார். பக்கத்தில் இருந்த அக்கா மகள், "தாத்தா, இதுக்கு யானை இல்லையா?" என்றாள்.