கேத்தரின் பார் முழுவுருவ ஓவியம்

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆறாவது மனைவியும் கடைசி மனைவியுமான அரசி கேத்தரின் பாரை (1512–1548) மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய ஓவியம். 1545ஐ ஒட்டி வரையப்பட்டது. சுமார் 180 செ.மீ. உயரமுள்ள இது லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் உள்ளது. அந்த அரங்கிலேயே முப்பது ஆண்டுகள் வேறொரு பெண்ணின் பெயரில் அறியப்பட்டிருந்தது.

வரைந்தவர் ‘மாஸ்டர் ஜான்’ என்று கருதப்படுகிறது. 1544இல் ஹென்றியின் மகள் இளவரசி மேரியின் உருவத்தை வரைந்ததற்காக ‘ஜான்’ என்பவருக்குப் பணம் கொடுத்ததாக மேரியின் கணக்கேட்டில் ஒரு குறிப்பு உண்டு. முகத்தைவிட உடையிலும் அணியிலும்தான் இந்த ஓவியரின் திறன் துலங்குகிறது. வெள்ளிச் சரிகைப் பட்டின் பூவேலை, செந்நிற உள்கை, மேல்கையில் புரளும் மென்மயிர்த் தோல், மார்பில் முத்துகள் தொங்கும் மகுட வடிவப் பதக்கம் எல்லாவற்றையும் நகை செய்யும் தட்டாரின் பொறுமையோடு வரைந்திருக்கிறார். அக்கால இங்கிலாந்தில் ஒரு பெண்ணைத் தலை முதல் கால் வரை வரைவது அரிது. அந்த அளவே படத்தில் இருப்பவர் அரச மதிப்புடையவர் என்று சொல்லிவிடுகிறது. 1544இல் ஹென்றி பிரான்சில் போர் செய்தபோது நாட்டின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தவர் கேத்தரின். அடுத்த ஆண்டே தம் பெயரில் வழிபாட்டு நூல் ஒன்றையும் வெளியிட்டார்.

நார்தாம்ப்டன்ஷயரின் கிளெண்டன் மாளிகையில் இருந்த காலத்தில் இந்த ஓவியத்தைக் கேத்தரினுடையது என்றே சொல்லிவந்தனர். 1960களில் அரங்கு இதை வாங்கியபோது கலை வரலாற்றாளர் ராய் ஸ்டிராங், படத்தில் இருப்பவர் ஜேன் கிரே என்று முடிவு செய்தார். சில நாட்களே அரசியாக இருந்து 1554இல் தலை வெட்டப்பட்ட இளம்பெண் அவர். அந்தச் சோகக் கதையின் ஈர்ப்பில் பெயர் எளிதில் நிலைத்துவிட்டது. ஆனால் 1545இல் ஜேனுக்குப் பத்து வயதுகூட நிறைந்திருக்காது. ஓவியத்தில் நிற்பவரோ நன்கு வளர்ந்த பெண்.

பழைய பெயரை மீட்டவர் வரலாற்றாளர் சூசன் ஜேம்ஸ். 1996இல் அவர் வெளியிட்ட கட்டுரை, முகச்சாயலை நம்பாமல் நகைகளைப் பின்தொடர்ந்தது. ஹென்றி இறந்ததும் லண்டன் கோபுரத்தில் இருந்த கேத்தரினின் நகைகளைத் திருப்பித் தர, அப்போது ஆட்சிப் பொறுப்பை ஏற்ற எட்வர்ட் சீமோர் மறுத்தார். கேத்தரின் எவ்வளவோ வாதாடியும் பலனில்லை. அவர் மறைந்த பிறகு எழுதப்பட்ட நகைப் பட்டியலில் அந்த மகுடப் பதக்கம் இடம்பெற்றிருந்தது. ஓவியத்தில் உள்ள இடைமாலையின் மணிகளோ கேத்தரினுக்கு முன்பு அரசியாக இருந்த கேத்தரின் ஹோவர்டின் நகைகளோடு ஒத்துப்போயின. அரசிக்கு அரசி கைமாறிய நகைகள் என்பதால் இச்சான்று வலுவானது. அரங்கும் பெயரை மாற்றிக்கொண்டது.

இதனால் ஜேன் கிரேக்கு ஓர் இழப்பும் நேர்ந்தது. அவர் உயிரோடிருந்தபோது வரையப்பட்டது என்று ஐயமின்றி ஏற்கப்பட்ட உருவப்படம் இன்றுவரை ஒன்றுமில்லை.