வாவிக்கரையில் ஒரு பேஸ் அம்ப்

போன வருசம் கல்லடியில் ஒரு வீட்டு முன் ஹோலைப் பயிற்சிக்கு எடுத்தோம். இரண்டு கிற்றார், ஒரு கீபோர்ட், ஒரு ட்ரம் செட், ஒரு பேஸ் கிற்றார். பேஸுக்கு இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கின பழைய அம்ப்: 100 வாட், 15 அங்குல ஸ்பீக்கர், தூக்க ரெண்டு பேர் வேணும். மூன்றாம் நாள் பின்வீட்டு அம்மம்மா வேலியடிக்கு வந்தா. ஏசப் போறா எண்டுதான் நினைச்சோம். அவ ஏசல்ல.

"பாட்டுப் படிங்க மனே, ட்ரம்ஸும் அடிங்க. அந்த 'தும்ம்' எண்டு வாற சத்தம் மட்டும் வேணாம். அது காதால வரல்ல, நிலத்தால வருது. தொண்ணூறுல ஷெல் விழக்குள்ளயும் முதல்ல நிலந்தான் சொன்னது."

எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. நாங்கள் போரின் கடைசிக் காலத்தில் பிறந்தவர்கள். எங்களுக்குப் பேஸ் என்றால் ஆட வைக்கிற சத்தம். அவவுக்கு அது பங்கருக்குள் ஓட வைத்த சத்தம்.

வொலியூமைக் கால்வாசிக்கு இறக்கினோம். கிற்றார் கேட்டது, கீபோர்ட் கேட்டது, பேஸைக் காணல்ல. விரல் ஓடுது, கம்பி அதிருது, பாட்டுக்கு அடி இல்லை. கூட்டினால் அவவின் நெஞ்சு, குறைத்தால் எங்கட இசை. இதுக்கு ஒரு வழி தேடப் போய்த்தான் இந்தச் சின்ன வரலாற்றுக்குள் விழுந்தோம்.

முதலில் அம்மம்மா சொன்னதைப் பார்ப்போம். அவ சொன்னது சரி. பேஸ் கிற்றாரின் தடித்த கம்பி ஈ. அதைத் திறந்து மீட்டினால் செக்கனுக்கு ஏறத்தாழ 41 அதிர்வு. காற்றில் அந்த அலையின் நீளம் 8 மீற்றருக்கு மேல். எங்கட ஹோல் முழுக்க அளந்தாலும் அவ்வளவு வராது. பாட்டுக்காரரின் குரலைச் சுவரும் கதவும் ஓரளவு மறிக்கும். இவ்வளவு நீளமான அலைக்கு எங்கட அரைக்கல்லுச் சுவர் ஒரு தடையே இல்லை. அதோடு ஸ்பீக்கர் பெட்டி நிலத்தில் இருந்தால் சீமெந்துத் தரையும் சேர்ந்து அதிரும்.

குறைத்தபோது பேஸ் ஏன் காணாமல் போனது? அம்பில் பிழை இல்லை, காது அப்படி. 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிளெச்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து வெளியிட்டார்கள். சத்தம் குறையக் குறைய, மனிதக் காது தாழ்ந்த சுரங்களைத்தான் முதலில் கைவிடுகிறது. அதனால் ஒரே குமிழால் எல்லாத்தையும் இறக்கினால், கிற்றார் சிறுத்துக் கேட்கும், பேஸ் கேட்கவே கேட்காது. வீட்டில் மெதுவாகப் பேஸ் வாசிப்பது மேடையின் சின்னப் பிரதி அல்ல. அது வேற வேலை.

பேஸ் அம்ப் பிறந்த கதையிலும் இந்த இழுபறிதான் ஓடுகிறது. ஜாஸ் குழுக்களில் ஆளுயர டபிள் பேஸை நின்றுகொண்டு வாசித்தவர்களுக்கு ஒரு கவலை: ட்ரம்பெற்றும் ட்ரம்ஸும் எழும்பினால் தங்களை ஒருவருக்கும் கேட்காது. 1930களில் சியாற்றில் நகரத்தில் போல் டுட்மார்க் மின்சாரப் பேஸ் ஒன்றைச் செய்தார், அது பெரிதாகப் பரவவில்லை. 1940களின் பிற்பகுதியில் எவரெட் ஹல் என்ற பேஸ் கலைஞர், டபிள் பேஸ் நிலத்தில் ஊன்றி நிற்கிற முளைக்குள் மைக் ஒன்றைப் பொருத்தினார். அம்பெக் கொம்பனி அதிலிருந்து வளர்ந்தது. பெயரும் அந்த முளையிலிருந்து வந்ததுதான். ஹல்லுக்கு வேண்டியது இரைச்சல் அல்ல. உள்ள சத்தம் கலங்காமல் கேட்க வேணும், அவ்வளவுதான்.

1951இல் லியோ பெண்டர் பிரிசிஷன் பேஸை வெளியிட்டார். கிற்றாரைப் போலத் தோளில் மாட்டலாம், பஸ்ஸில் கொண்டுபோகலாம். அடுத்த வருசமே அதற்கென்று பேஸ்மன் அம்ப் வந்தது. ஆரம்பத்தில் ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர், வலு 26 வாட் அளவுதான். பிறகு நான்கு 10 அங்குல ஸ்பீக்கரோடு வந்த பேஸ்மனைக் கிற்றார்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் செய்த முதல் அம்ப் அதையே பார்த்துச் செய்தது. ரொக் இசையின் அந்தப் பெரிய கிற்றார்ச் சத்தம், பேஸுக்காகச் செய்த பெட்டியிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1960இல் அம்பெக் பி-15 வந்தது. வாசித்து முடிந்தால் மேல் மூடியைத் திருப்பி, அம்பைப் பெட்டிக்குள்ளேயே கவிழ்த்துப் பூட்டிக்கொண்டு போகலாம். வலு 25 வாட் அளவு. மோட்டவுண் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் சின்னக் கிளப்புகளில் பாவித்தது இதை. ஒன்பது வருசத்தில் நிலைமை தலைகீழ். 1969இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அமெரிக்க அரங்குகளில் வாசிக்க, அதே அம்பெக் 300 வாட் எஸ்விடியைக் கொடுத்தது. தலைப்பகுதி மட்டும் சுமார் 40 கிலோ, கீழே எட்டு ஸ்பீக்கர் கொண்ட அலுமாரி.

வாட் கணக்கில் ஏமாற வேண்டாம். வலு பத்து மடங்கு கூடினால்தான் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தம். 300 வாட் என்பது 30 வாட்டை விடப் பத்து மடங்கு சத்தம் இல்லை, இரண்டு மடங்குதான்.

சரி, இதெல்லாம் சியாற்றில், லண்டன் கதை. எங்கட வாவிக்கரையில் தாழ்ந்த சத்தத்துக்கு என்ன இடம் இருந்தது?

மின்சாரத்துக்கு முதல் மத்தளம் இருந்தது. வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் வட்டக்களரியைச் சுற்றி ஊர் குந்தியிருக்க, அண்ணாவியாரின் மத்தளம் இரவிரவாக மைக் இல்லாமல் கேட்டது. அது ஊர் முழுக்கப் போகத் தேவையில்லை. களரிக்குப் போதுமானது, கேட்க வேண்டியவர்கள் கிட்ட வந்து இருந்தார்கள்.

பறங்கியர் வீடுகளிலும் அப்படித்தான். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். ஆனால் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியும் கப்ரிஞ்ஞா ஆட்டமும் மட்டக்களப்புப் பறங்கியரிடம் நிலைத்துவிட்டன. கலியாண வீட்டில் வயலின், மண்டலின், கிற்றார், ரபான். பேஸ் என்று தனி வாத்தியம் இல்லை, கிற்றாரின் தடித்த கம்பிகள்தான் அடியைத் தாங்கின. 2004 சுனாமி டச்பாரில் இருந்த பறங்கிக் குடும்பங்களைக் கடுமையாக அடித்தது. ஆட்களோடு வாத்தியங்களும் போயின. இண்டைக்கும் அந்தத் தாளம் கலியாணங்களில் கேட்கிறது என்றால், அதைக் கையில் வைத்திருந்தவர்கள் விடாததால்தான்.

கப்ரிஞ்ஞாவின் தாளம் தெற்கில் பைலாவாகி, 1950களில் வொலி பஸ்ரியன் மூலம் நாடு முழுக்கப் போனது. பிறகு தமிழ் பொப் வந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' எல்லாம் அந்த அலை. அப்போதுதான் எங்கட பக்கத்துக் களியாட்ட மேடைகளிலும் மின்சாரப் பேஸ் தோளில் ஏறத் தொடங்கியது.

ஆனால் மேடைக்கு வெளியே பேஸ் கேட்டதா? கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்குத் தாழ்ந்த சுரம் வராது. அதன் வாய் அதுக்குச் சின்னன். வீட்டில் இருந்த பற்றரி ரேடியோவின் ஸ்பீக்கர் உள்ளங்கை அளவு. இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் எவ்வளவு நடக்கிறது என்று இப்ப நாங்கள் பேசிக்கொள்கிறோம். எங்கட அப்பாமார் அதே பாட்டுகளை இலங்கை வானொலியில் அந்தச் சின்ன ஸ்பீக்கரில்தான் கேட்டார்கள். ஆனாலும் பேஸை மெதுவாக வாயால் முணுமுணுக்கிறார்கள். எப்படி? ஒரு கம்பி 41 தரம் அதிரும்போது 82, 123 என்று மேல் அதிர்வுகளும் சேர்ந்து வரும். ஸ்பீக்கர் கீழே உள்ளதை விட்டாலும், மேலே உள்ளதைக் கேட்டு மூளை அடிச் சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். இந்த விசயம் பிறகு எங்களுக்கு உதவியது.

அதுக்குப் பிறகு போர். ஊரடங்கில் இரவு நிகழ்ச்சி இல்லை. படுவான்கரையின் பல ஊர்களில் கரண்டே இல்லை. அந்த வருசங்களில் தாழ்ந்த சத்தம் என்றால் ஷெல், குண்டு, கண்ணிவெடி. பின்வீட்டு அம்மம்மாவின் காது அந்த வருசங்களில்தான் அப்படிப் பழகியது. அதைக் கணக்கில் எடுக்காமல் 'எங்கட உரிமை' என்று குமிழைத் திருப்புவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

வழி காட்டியது கல்லடிப் பாலம். ஊருக்கே 'பாடும் மீன்' என்று பெயர் தந்த சத்தம் அந்தப் பாலத்தடியில்தான். 1848 செப்டெம்பரில் இங்கு வந்த குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் இரவில் வள்ளத்தில் போய் அதைக் கேட்டு எழுதியிருக்கிறார். மெல்லிய உச்சச் சுரங்களோடு மிகத் தாழ்ந்த சுரங்களும் கலந்திருந்தன என்கிறார். வள்ளத்தின் பலகையில் காதை வைத்தபோது சத்தம் நன்றாகக் கூடியது என்றும் சொல்கிறார். எங்கட மீனவர்கள் துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி மறுமுனையில் காதை வைப்பார்கள். 1950களில் இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் இந்தச் சத்தத்தை ஒலிப்பதிவு செய்தார், பிறகு அது இலங்கை வானொலியிலும் போனது. வாவியை ஒருவரும் சத்தமாக்கவில்லை. காதைக் கிட்டக் கொண்டுபோனார்கள். இடையில் ஒரு மரம் இருந்தது.

எங்களில் பேஸ் வாசிக்கிறவர் அண்டைக்கே செய்து பார்த்தார். அம்ப் இல்லை, வயர் இல்லை. கிற்றாரின் தலைப்பகுதியை மர அலுமாரிக் கதவில் முட்ட வைத்து ஈ கம்பியை மீட்டினார். கதவு பேசியது. கிற்றாரின் மேல் கொம்பில் தாடையை வைத்தால் எலும்பு வழியாக இன்னும் தெளிவாகக் கேட்டது. புது ஸ்கேல் பழக, பாட்டின் நடை பிடிக்க, இரவு பதினொரு மணிக்கும் இதுவே போதும்.

குழுவாகச் சேர்ந்து பழக வேறு ஏற்பாடு. பெரிய அம்பை நிலத்திலிருந்து எடுத்து, பழைய மெத்தைத் துண்டு போட்ட கதிரையில் வைத்தோம். தரைக்கு அதிர்வு போவது குறைந்தது. மூலையிலிருந்து நகர்த்தினோம், ஏனென்றால் இரண்டு சுவர் சேரும் மூலை தாழ்ந்த சுரத்தைப் பெருக்கும். பிறகு வழமைக்கு மாறான ஒரு வேலை: பேஸ் குமிழைக் குறைத்து மிட் குமிழைக் கூட்டினோம். ரேடியோப் பாடம் இதுதான். மேல் அதிர்வுகள் தெளிவாக இருந்தால் மெதுவான சத்தத்திலும் மூளை மிச்சத்தைப் போட்டுக்கொள்ளும். சுவரைத் தாண்டிப் போகிற பகுதி மட்டும் குறையும். தனியே பழக ஹெட்போன். அதிலும் கூட்டி வைத்தால் காதுதான் போகும், கவனம்.

மேடைக்குப் போகிறபோது இதெல்லாம் திரும்பவும் மாறும். கடற்கரையில் சுவரும் இல்லை, மூலையும் இல்லை. ஹோலில் நெஞ்சை இடித்த அதே அம்ப் மணலில் வாயே திறக்காது. அதுக்காக 300 வாட் வாங்க ஓட வேண்டாம். டிஐ பொக்ஸ் வழியாகச் சவுண்ட்காரரின் மிக்சருக்கு ஒரு வயர் கொடுங்கள், சனத்துக்குப் பேஸை அவரின் பெரிய ஸ்பீக்கர் கொண்டுபோகும். உங்கட அம்ப் உங்களுக்கும் ட்ரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும். 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் விடாமல் வந்தால் எர்த்தைப் பாருங்கள். எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், பேஸில் மூன்றாம் கட்டத்து ஜி 49. அதனால் அந்த இரைச்சல் சுருதி பிசகின ஜி மாதிரிக் கூடவே கிடக்கும். அதை நிப்பாட்ட எர்த் பின்னைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். கையில் உலோகக் கம்பி, உதட்டில் மைக், நடுவில் உங்கட உடம்பு. 110 வாட் என்று கேட்டு வாங்கினது 110 வோல்ட் அம்பாக இருந்தாலும் கதை முடிந்தது. எங்கட வீட்டில் 230.

மேடைக்கு முதல் ஒரு தரமாவது முழுச் சத்தத்தில் வாசித்துப் பார்க்காமல் போகேலாது. அதுக்குத் திரும்பவும் வேலியடிக்குப் போனோம், இந்த முறை நாங்கள். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணியிலிருந்து ஒரு மணித்தியாலம், கேட்கலாமா என்று கேட்டோம்.

அவ கொஞ்சம் யோசிச்சா. "சொல்லிப் போட்டு அடிச்சாப் பரவாயில்ல மனே. அது சொல்லாம வந்ததுதான் பயம்."

இப்போது ஒவ்வொரு சனியும் மூணே முக்காலுக்கு ஒருத்தர் போய்ச் சொல்லிவிட்டு வருகிறோம். சில நாள் அவ "இண்டைக்கு வேணாம்" என்பா. அண்டைக்கு அம்பை மூடிவிட்டு அலுமாரிக் கதவில் வாசிக்கிறோம்.