இறங்கிய துறையே ஏறிய துறை

புகையிரதமும் கப்பலும் சந்திக்கும் இடங்களைப் பற்றி எழுதுவோர் பாலத்தையும் தண்டவாளத்தையும் அளந்து எழுதுவர். அங்கே இறங்கியோர் யார், எதற்காக இறங்கினர் என்ற கேள்வி பின்தங்கிவிடும். தலைமன்னார் இறங்குதுறையின் வரலாற்றை அந்தக் கேள்வியைக் கொண்டே நாம் நோக்குவோம்.

1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை, ஏறத்தாழ 106 கிலோமீற்றர் நீளத்துக்கு, இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடலை நீராவிக் கப்பல் கடந்தது. சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டுடன் கொழும்புவரை செல்லலாம். ‘போட் மெயில்’ என்று இரு கரையிலும் பெயர்பெற்ற இவ்வேற்பாடு பொறியியலின் சாதனை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இச்சாதனைக்கு முன்னால் ஒரு பாதை இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்தின் வறண்ட கிராமங்களில் கங்காணிமார் திரட்டிய மக்கள் தோணிகளில் மன்னார்க் கரைக்கு வந்தனர். அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைவரை நூறு மைலுக்கும் மேலாக நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் அவர்களை வழிநெடுகப் பலிகொண்டன. அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கணக்கும் இல்லை.

கோப்பி அழிந்து தேயிலை வந்தபின், பருவத்துக்கு மட்டும் வேண்டியிருந்த உழைப்பு ஆண்டு முழுவதும் வேண்டியதாயிற்று. புகையிரதமும் கப்பலும் அத்தேவைக்குப் பணி செய்தன. தோட்டத்துக்குச் செல்வோர் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு, நோய்ப் பரிசோதனை முடிந்த பின்னரே கடல் கடந்தனர். மேல்வகுப்புப் பயணிக்குத் தலைமன்னார் வண்டி மாறும் இடம். தொழிலாளிக்கோ அது வாழ்வே மாறும் இடம்.

சுதந்திரம் வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்பது என்று இரு தலைவர்கள் பங்கிட்டனர். பங்கிடப்பட்டோரை யாரும் கேட்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் கப்பல் இராமேஸ்வரத்துக்குச் சென்றது.

மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு வந்த அந்த வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். பாட்டன் இறங்கிய துறையில் பேரன் ஏறினான். அக்கரையில் அவனை எதிர்கொண்டதும் அதே மண்டபம் முகாமே! உழைப்பை இறக்குமதி செய்ய அமைந்த வழி, உழைத்தவனை ஏற்றுமதி செய்யவும் உதவிற்று. குற்றம் வழியினுடையது அன்று. மனிதனைச் சரக்காக எண்ணிய அமைப்பினுடையது.

1980களில், போரின் தொடக்கத்தோடு, கப்பல் நின்றது. 1990இல் புகையிரதமும் நின்றது. 2015 மார்ச் 14இல் இறங்குதுறைவரை பாதை மீண்டும் திறக்கப்பட்டது, கப்பல் திரும்பவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 2023இல், இருநூறாண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மலையக மக்கள் மீண்டும் நடந்தனர். இம்முறை அவர்களைக் கங்காணி நடத்தவில்லை. தம் உரிமையைச் சொல்லித் தாமே நடந்தனர்.

கப்பல் மீண்டும் வரட்டும் என்றே நாமும் விரும்புகிறோம். அதற்குமுன், இத்துறை யாருடைய தோள்களைச் சுமந்தது, யாருடைய கண்ணீரைக் கண்டது என்பதை நம் மாணவர் அறியட்டும். பாலங்களின் வரலாறு, அவற்றைக் கடந்த மக்களின் வரலாறாகவும் எழுதப்படட்டும்.