உத்திரமேரூரில் கணக்குக் கேட்டவர்கள்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் குடவோலைக் கல்வெட்டு எங்கே என்றுதான் விசாரிக்கிறார்கள். பள்ளிப் பாடம் அப்படிப் பதிந்திருக்கிறது. உள்ளாட்சித் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்ற எனக்கோ அந்தச் சுவரில் உள்ள வேறு சில வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கத் தோன்றுகிறது. அவை கணக்கைப் பற்றியவை.

முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும், ஊர்ச் சபை எடுத்த இரண்டு தீர்மானங்கள் அங்கே வெட்டப்பட்டுள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. இன்றைய வார்டு மாதிரி. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என வேலைகள் பிரிந்தன. பதவிக்காலம் 360 நாள்.

ஆள் எடுக்கும் முறையில் ஒளிவுமறைவுக்கு இடமே வைக்கவில்லை. இளையோரும் முதியோருமாகச் சபை முழுவதும் கூட வேண்டும். ஊரில் அன்று இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் மண்டபத்துக்கு வர வேண்டும். அவர்களில் மூத்தவர், பெயர் எழுதிய ஓலைகள் இட்ட குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிப்பார். விவரம் அறியாத சிறுவன் ஓலையை எடுப்பான். வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். பிறகு அவர் உரக்க வாசிப்பார். நம்பிமார் அத்தனை பேரும் அதே ஓலையை வாசிப்பார்கள். விரலிடுக்கில் இன்னோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். அவரை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

கணக்கு வரிகளுக்கு வருகிறேன். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவரோடு தடை நின்றுவிடவில்லை. தகப்பன், மகன், மாமனார், மருமகன், மைத்துனன், சகோதரி மகன், பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள் என்று உறவு முழுவதையும் பட்டியலிட்டு விலக்குகிறது கல்வெட்டு. கள்ள ஆவணம் எழுதியவருக்கும் இடமில்லை. கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கும் இல்லை. பதவியில் இருக்கும்போதே குற்றம் தெரிந்தால் அப்போதே விலக்க வேண்டும்.

கணக்கு எழுதுபவருக்கும் விதி உண்டு. தம் காலத்துக் கணக்கைப் பெருமக்கள் முன் வைத்து, நேர்மையானவர் என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே அவர் மறுபடி அந்த வேலைக்கு வரலாம். எழுதியவரே வந்து ஒப்படைக்க வேண்டும். வேறொரு கணக்கரை வைத்து முடித்துவிடக் கூடாது.

இந்தக் கடைசி விதியின் அருமை தணிக்கைக்காரனுக்குத்தான் முழுதாகப் புரியும். நான் போன ஒரு நகராட்சியில் சாலைப் பணிக்கான வவுச்சர் இருந்தது, செய்த வேலையை அளந்து பதியும் அளவைப் புத்தகம் இல்லை. "அது எனக்கு முன்னாடி இருந்தவர் காலம் சார், அவர் மாறுதலில் போய்விட்டார்" என்றார் கணக்காளர். முன்னவரைக் கேட்டால், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன் என்றார். தணிக்கைத் தடை எழுதினேன். அந்தத் தடை ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடந்தது. சாலை எங்கே போடப்பட்டது என்று அந்தத் தெருக்காரர்களிடம் யாரும் கேட்கவே இல்லை.

உத்திரமேரூரைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அது பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட பிரமதேய ஊர். வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35-க்கு மேல் 70-க்குள் வயது, இவையெல்லாம் உள்ள ஆண்களுக்கே குடத்தில் பெயர். வயலில் இறங்கி உழைத்தவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே குரலே கிடையாது. அந்த அநீதியை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவது தவறு. ஆனாலும் தங்களுக்குள் அவர்கள் ஏற்றுக்கொண்ட கண்டிப்பு, எல்லோருக்கும் வாக்குரிமை உள்ள நமக்கு இன்னும் கைகூடவில்லை.

சென்னையையே பாருங்கள். 1973-இல் மாநகராட்சியில் மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. இல்லாத தொழிலாளர் பெயரில் கூலி எழுதியதாகக் குற்றச்சாட்டு. மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல்தான் வந்தது. இடையில் முழுக்க அதிகாரிகளின் ஆட்சி. உத்திரமேரூரில் கணக்குத் தப்பியவர் வெளியேறுவார், சபை இருக்கும். சென்னையில் சபையே போயிற்று. ஒரு குற்றமும் செய்யாத வாக்காளர்கள், குழாயில் தண்ணீர் வராவிட்டால் கேட்பதற்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல், ஒரு தலைமுறைக் காலம் தண்டனை அனுபவித்தார்கள். 2016 அக்டோபருக்குப் பிறகு மீண்டும் அதே நிலை. 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. இதை நிர்வாகச் சிக்கல் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. மக்களின் கேள்வி கேட்கும் உரிமையைப் பறித்த செயல் அது.

இப்போது கிராம சபை போல நகரங்களிலும் பகுதி சபை நடக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு 1997-லேயே, நாட்டிலேயே முதலாவதாக, இயற்றியது. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் பதிவேடுகளை நேரில் பார்க்கவும், நடக்கும் பணியைப் போய்ப் பார்க்கவும், போட்ட பொருளின் மாதிரியைச் சான்றோடு பெறவும் உரிமை தருகிறது. அடுத்த பகுதி சபையில் தெருவிளக்கு எரியவில்லை என்ற மனுவோடு எழுந்து வந்துவிடாதீர்கள். உங்கள் தெருச் சாலையின் அளவைப் புத்தகத்தையும் செலவுப் பட்டியலையும் கொண்டுவந்து சபையில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் மறுநாளே தகவல் உரிமை மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம்.