பல்கலைக்கழகம் பதித்த சொற்பேரகராதி

நூல் வெளியிடுவோர் பலர். விற்குமா என்று கேளாமல் வெளியிடுவோர் மிகச் சிலர். ஆய்வு நூல்களையும் வட்டாரப் பண்பாட்டுச் செல்வங்களையும் அச்சேற்றும் பொறுப்பு பெரும்பாலும் பல்கலைக்கழகங்களையே சார்ந்தது. அப்பணிக்குத் தமிழ்நாட்டில் முதற்சான்றாக நிற்பது, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'தமிழ் லெக்சிகன்' ஆகும்.

அதன் வேர் யாழ்ப்பாணத்தில் உள்ளது. அங்கே நைட் பாதிரியார் தொடங்கிய சொற்றொகுப்பை ஸ்பால்டிங் வளர்க்க, வின்சுலோ நிறைவாக்கி 1862இல் சென்னையில் வெளியிட்டார். அவ்வகராதியைத் திருத்தி விரிக்கும் பணி 1913இல் தொடங்கிற்று. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர் முதற்பதிப்பாசிரியர், மு. இராகவையங்கார் தலைமைத் தமிழ்ப் பண்டிதர். முதற்பகுதி வெளிவரவே 1924ஆம் ஆண்டாயிற்று. 1926இல் எஸ். வையாபுரிப்பிள்ளை பொறுப்பேற்றார். 1936இல் ஆறு தொகுதிகளும் முற்றுப்பெற்றன. 1,00,000 ரூபாயில் முடியுமென்று கருதிய பணி, 4,10,000 ரூபாயை விழுங்கியிருந்தது. வணிக நோக்குடைய பதிப்பாளர் எவரும் இடைவழியிலேயே கைவிட்டிருப்பர்.

அப்பொருளுக்கு ஈடாக நமக்குக் கிடைத்தது யாது? 1,04,405 தலைச்சொற்கள், அவற்றிற்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள், இலக்கிய ஆட்சிக்கு மேற்கோள். இவற்றினும் கருதத்தக்கது, வட்டார வழக்குக்கு அது அளித்த இடம். யாழ்ப்பாணம், திருநெல்வேலி, நாஞ்சில் நாடு எனச் சொல் வழங்கும் நிலத்தைச் சுட்டும் குறிகள் அதில் உண்டு. சங்கப் பாடலில் பயின்ற சொல்லும், ஏட்டில் ஏறாது உழவர் நாவில் மட்டும் வாழ்ந்த சொல்லும் ஒரே அகரவரிசையில் அமர்ந்தன. வட்டார வழக்கு கொச்சையென ஒதுக்கப்பட்ட காலத்தில் இது சிறிய செயலன்று.

குறைகளும் இருந்தன. சொற்பிறப்பு விளக்கங்களில் வடமொழிச் சார்பு மிகுதியென்று தேவநேயப் பாவாணர் கடுமையாக மறுத்தெழுதினார். பின்னர் 1974இல் தமிழக அரசு சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை நிறுவி, அவரையே அதன் இயக்குநராக்கியது. மறுப்பதற்கும் அச்சில் ஒரு நூல் கண்முன் இருக்க வேண்டுமன்றோ? அகராதிக் குழுவினரும் தம் பணி முற்றிற்றென்று இறுமாந்திலர். விடுபட்ட 13,357 சொற்களைத் திரட்டி 1939இல் அநுபந்தம் வெளியிட்டனர்.

அவ்வநுபந்தத்திற்குப் பின்னும் விடுபட்ட சொற்கள் எண்ணிறந்தன. கமலை ஏற்றம் நின்றபோது அதன் உறுப்புகளின் பெயர்களும், தறி ஓய்ந்த தெருக்களில் நெசவுச் சொற்களும் வழக்கொழியத் தொடங்கின. சொன்னவர் மறைந்தபின் எந்தப் பல்கலைக்கழகமும் அவற்றை மீட்டுத் தர இயலாது.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்துக் கவிஞர்கள் தத்தம் ஊர்ச் சொற்களைக் கவிதையில் ஆள்கின்றனர். அவற்றை ஊர்ப்பெயரோடும் பொருளோடும் குறித்து வைப்போமாயின், அடுத்த அநுபந்தத்திற்கு நாமும் சில ஏடுகள் அளித்தவராவோம்.