செய்தியும் ஏவலும்: ‘நற்செய்தி’ என்னும் சொல்லின் வரலாறு

கிறித்தவ மேடைகளில் நற்செய்தி அறிவிக்கப்படுகிறது என்றால், நம்முள் பலர் அறிவுரையையே எதிர்பார்க்கிறோம். பொய் சொல்லாதே, பகைவனை மன்னி, மது அருந்தாதே என ஏவல் வினைகள் அடுக்கி வரும். அவை நல்லனவே. ஆயினும் நற்செய்தி என்னும் சொல் பிறந்த இடத்தில் ஏவல் இல்லை.

கிரேக்க மூலச்சொல் ‘எவாங்கெலியோன்’. ஓமர் காவியத்தில் அது நல்ல செய்தி கொணர்ந்தவனுக்கு அளிக்கும் பரிசு. பிற்காலத்தில் அச்செய்தியையே குறிக்கலாயிற்று. சிறிய ஆசியாவின் பிரியேனே நகரத்துக் கல்வெட்டு ஒன்று கி.மு. 9ஆம் ஆண்டைச் சார்ந்தது. பேரரசர் அகுஸ்துவின் பிறந்தநாளே உலகிற்கு நற்செய்திகளின் தொடக்கம் என்று அது சாற்றுகிறது. இதே சொல்லைத்தான் மாற்கு தம் நூலின் முதலடியில் எடுத்து, நாசரேத்தூர்த் தச்சர் ஒருவருக்கு உரியதாக்கினார். அன்று அதைக் கேட்டோர் அதன் அரசியல் ஒலியையும் கேட்டிருப்பர்.

அறிவித்தலுக்கு அம்மொழி ஆண்ட வினையும் முரசறைவோன் தொழிலைச் சார்ந்தது. மணிமேகலையின் விழாவறை காதையை இங்கு நினைவுகூரலாம். அதில் முரசறைவோன் நகரை வாழ்த்தி, இந்திர விழா வருவதை அறிவிக்கிறான். தெருவில் பழமணல் மாற்றிப் புதுமணல் பரப்புக என்னும் ஏவல் அவ்வறிவிப்பின் பயனாகவே வருகிறது. விழா இல்லையேல் மணலுக்கு வேலை இல்லை. மாற்கு காட்டும் இயேசுவின் முதல் அறிவிப்பிலும் இவ்வொழுங்கே உள்ளது. இறையாட்சி நெருங்கிவிட்டது என்பது செய்தி. மனம் மாறுங்கள், நம்புங்கள் என்பன அதன் பின்.

தமிழுக்கு வருவோம். சீகன்பால்கின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல் அச்சு நிறைவெய்தியது. பின்வந்த சீர்திருத்தச் சபை மொழிபெயர்ப்புகளில் ‘சுவிசேஷம்’ நிலைபெற்றது. அதனை வடசொல் என்று மட்டும் தள்ளுவது நேர்மையன்று. “என்ன விசேஷம்?” என்று இன்றும் நாம் வினவுவது புதுச்செய்தியைத்தானே! மலையாளிகளும் அவ்வாறே வினவுகின்றனர். அவர்களுக்கும் இது சுவிசேஷமே. ஆனால் நாளடைவில் அச்சொல் நூல் வகையின் பெயராகவும் கூட்டத்தின் பெயராகவும் உறைந்தது. முரசறைதலைக் குறித்த வினையோ ‘பிரசங்கித்தல்’ ஆயிற்று. முரசறைவோன் சொற்பொழிவாளன் ஆனான். நம் கருத்தில், இழப்பு இங்கேதான் பெரிது.

நம்மருகே வழங்கும் மலாயில் ‘இஞ்சில்’ என்னும் சொல் அரபு வழி வந்தது. அதன் வேரும் கிரேக்கமே. அங்கும் பிற்கால மொழிபெயர்ப்பு ஒன்று ‘பெரித்தா பாயிக்’, அதாவது நல்ல செய்தி, என்று பெயர் பூண்டது. தமிழில் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு ‘நற்செய்தி’ என்றே எழுதியது.

இச்சொல்லுக்குள் ஒரு பழம்பொருள் உறங்குகிறது. ‘செய்தி’ என்பது ‘செய்’ என்னும் வினையடியில் பிறந்தது. புறநானூற்று 34ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார் அதனைச் செய்த உதவி என்னும் பொருளில் ஆள்கிறார். எனவே நற்செய்தி ஒருவர் நமக்காகச் செய்து முடித்த நற்செயல். அச்செயலைப் பற்றிய தகவலும் அதுவே. மொழிபெயர்ப்பாளர் இதனை எண்ணினரோ இல்லையோ, கிரேக்கச் சொல்லில் இல்லாத ஒரு நயம் தமிழுக்குக் கிட்டியது.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 15ஆம் அதிகாரத்தில், தாம் அறிவித்த நற்செய்தி இன்னது என்று தாமே தொகுத்துரைக்கிறார். கிறிஸ்து இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், எழுப்பப்பட்டார், தோன்றினார் என நான்கு வினைகள். ஒன்றேனும் ஏவல் அன்று. கிரேக்கத்தில் மூன்று வினைகள் வெறும் இறந்தகாலம். ‘எழுப்பப்பட்டார்’ என்பது மட்டும் முடிந்த செயலின் பயன் இன்றும் நிற்பதைக் காட்டும் வடிவம். தமிழில் அதனை ‘எழுப்பப்பட்டிருக்கிறார்’ என்று வேறுபடுத்திச் சொல்ல இயலும்.