வாக்குச்சாவடி மாறிய வரலாறு

இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் 25 முதல் 1952 பிப்ரவரி 21 வரை நடந்தது. வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல்; அவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் சொத்தோ படிப்போ உள்ளவர்களுக்கே ஓட்டு இருந்தது. ஊர் முழுவதையும் ஓட்டுப்போட வைத்த அனுபவம் எந்த அதிகாரிக்கும் கிடையாது. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது.

வாக்காளர் பட்டியலிலேயே சிக்கல் தொடங்கியது. வட மாநிலங்களில் பெண்கள் பலர் அந்நியரிடம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்திருந்தார்கள். அத்தகைய பதிவுகளை சென் ஏற்கவில்லை. பெயரைத் தராத ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். அந்தத் தேர்தலில் இது பெரிய இழப்புதான். ஆனாலும் பெண்ணை யாருடைய உறவாகவும் பார்க்காமல் தனி வாக்காளராகவே பார்ப்பது என்ற நிலைப்பாடு அப்போதே உறுதியானது.

எழுத்தறியாதவர்களுக்காகக் கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் சின்னங்கள் தரப்பட்டன. வாக்களித்த முறை இன்றைக்கு விசித்திரமாகத் தோன்றும். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பெட்டி. அதன்மேல் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். வாக்காளர் ஒரு ரூபாய் நோட்டு அளவிலான சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போய், விரும்பிய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். சீட்டில் எதையும் குறிக்க வேண்டியதில்லை. மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே சமயத்தில் தேர்தல் என்பதால் இரண்டு வரிசைப் பெட்டிகள் தேவைப்பட்டன. நாடெங்கும் 20 லட்சத்துக்கும் அதிகமான இரும்புப் பெட்டிகள் செய்யப்பட்டன.

இந்த எளிமையே ஓட்டையாகவும் ஆனது. மறைப்புக்குள் நடப்பது வெளியே தெரியாது. சிலர் சீட்டைப் பெட்டிக்குள் தள்ளாமல் மேலேயே வைத்துவிட்டு வந்தார்கள். அடுத்து வருபவர் அதை எடுத்து வேறு பெட்டியில் போட முடிந்தது. சீட்டை மடியில் செருகி வெளியே கொண்டுவந்து விற்கவும் வழி இருந்தது. வாங்கியவர் பலருடைய சீட்டுகளைச் சேர்த்து, தம் ஆள் ஒருவர் மூலம் மொத்தமாகப் போட்டுவிடலாம். 1957 தேர்தலும் இதே முறையில்தான் நடந்தது.

1962 பொதுத்தேர்தலில் எல்லா வேட்பாளர்களின் பெயரும் சின்னமும் அச்சிட்ட ஒரே சீட்டு பரவலாக வந்தது. பெட்டியும் ஒன்றானது. வாக்காளர் தாம் விரும்பிய சின்னத்தின் மேல் ரப்பர் முத்திரையைக் குத்த வேண்டும். அம்பு முனைகள் கொண்ட அந்தச் சிலுவை வடிவம் யோசித்துத் தேர்ந்தெடுத்த ஒன்று. சீட்டை மடிக்கும்போது ஈர மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டினால், அங்கே பதிவது தலைகீழ் வடிவம். எது குத்திய முத்திரை, எது ஒட்டிய கறை என்பதை எண்ணுபவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். எத்தனையோ ஓட்டுகளைச் செல்லாத ஓட்டாகாமல் காப்பாற்றிய இந்த ஏற்பாட்டை வாக்காளர்களில் பெரும்பாலோர் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஒருவரே இரண்டு முறை வாக்களிப்பதைத் தடுக்க விரலில் அழியாத மை வைக்கப்பட்டது. அதிலுள்ள சில்வர் நைட்ரேட் தோலோடு வினைபுரிந்து, வெளிச்சம் பட்டதும் கறுக்கிறது. 1962 முதல் இந்த மையைத் தயாரித்துவரும் மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ், மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1937இல் தொடங்கிய நிறுவனம்.

மை கள்ள ஓட்டை ஓரளவு தடுத்தது. சாவடியையே கைப்பற்றும் கும்பலை அதனால் தடுக்க முடியவில்லை. ஆயுதங்களோடு வந்தவர்கள் சீட்டுக் கட்டைப் பிடுங்கி, அரை மணி நேரத்தில் எல்லாவற்றிலும் முத்திரை குத்திப் போட்டார்கள். மின்னணு இயந்திரத்துக்கான யோசனை 1977இல் எழுந்தது. ஹைதராபாத்தின் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனும் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸும் அதை உருவாக்கின. பெங்களூர்க் குழுவில் முக்கியப் பங்காற்றிய பொறியாளர் ரங்கராஜனைத் தமிழர்கள் எழுத்தாளர் சுஜாதாவாக அறிவார்கள். ஒரு நிமிடத்தில் சில ஓட்டுகளுக்கு மேல் பதியாது என்பதே கும்பலுக்குத் தடை. அதிகாரி ஒரு பொத்தானை அழுத்தி வாக்குப்பதிவை முடித்துவைக்கவும் முடிந்தது.

1982 மே மாதம் கேரளத்தின் பறவூர் தொகுதியில் 50 சாவடிகளில் இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் இடமில்லாத முறை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. சட்டத் திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்ததும் அதே மாதத்தில்தான்.

1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷன் புதிய கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஏட்டில் கிடந்த விதிகளை அமல்படுத்தினார். நடத்தை விதிகளை மீறினால் தேர்தல் நிற்கும் என்று கட்சிகள் நம்பத் தொடங்கியது அவர் காலத்தில்தான். புகைப்பட அடையாள அட்டைக்கு 1993இல் ஆணையிட்டதும் அவரே.

காகிதச் சீட்டின் எல்லை 1996இல் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சியில் தெரிந்தது. தங்கள் குறைகளுக்குக் கவனம் கிடைக்க விவசாயிகள் திரளாக மனு தாக்கல் செய்ய, சட்டமன்றத் தொகுதியில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது; சுயேச்சைகளுக்குப் பத்து பேர் முன்மொழிய வேண்டும் என்றும் ஆனது. கூட்டம் குறைந்தது. கையில் காசில்லாத நேர்மையான வேட்பாளருக்கும் கதவு குறுகியது.

2001இல் தமிழகம், கேரளம், புதுச்சேரி, மேற்கு வங்கம் ஆகியவற்றின் எல்லாத் தொகுதிகளிலும், 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதிலும் இயந்திரம் வந்தது. செல்லாத ஓட்டு என்ற பேச்சு சாவடியில் இல்லாமல் போனது. ஆனால் ஓட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்று கண்ணால் காண வழியில்லையே என்ற சந்தேகம் பிறந்தது. அதற்காக 2013இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் ஒப்புகைச் சீட்டு அறிமுகமானது. கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி சின்னம் தெரிந்து மறையும். யாருக்கும் ஓட்டில்லை என்று பதியும் ‘நோட்டா’வும் அந்த ஆண்டு வந்ததே.

வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சாய்தளம், பிரெயில் எண்கள், வீட்டிலிருந்தே தபால் ஓட்டு என வசதிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இயந்திரம் பறித்த ஒரு பாதுகாப்பு மட்டும் திரும்பவில்லை. மிரட்டலுக்கு வாய்ப்புள்ள தொகுதிகளில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் விதி முன்பு இருந்தது. இப்போது எந்தத் தெரு யாருக்கு ஓட்டளித்தது என்பது சாவடிக் கணக்கிலேயே தெரிகிறது. தோற்ற இடத்தில் குழாயும் சாலையும் வராமல் போகுமோ என்று சிற்றூர் மக்கள் அஞ்சுவது நியாயமே. பல இயந்திரங்களின் ஓட்டுகளைச் சேர்த்துக் காட்டும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்வைத்தது. சட்ட ஆணையம் 2015இல் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை.